கைக்கும் காலுக்கும் தெரிந்த வீடு

என் தமக்கையின் மகன் மதுரையில் புதிதாகக் கட்டிய வீட்டை மந்திரிப்பதற்காகச் சென்ற ஆண்டு தை மாதம் அங்கு சென்றிருந்தேன். வந்திருந்த உற்றார் உறவினர் அனைவரும் வீட்டை வாயாரப் புகழ்ந்தனர். தரை முழுவதும் முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பான பெரிய டைல்ஸ். சுவர்களில் புட்டி தேய்த்து, மேடு பள்ளம் என்பதே இல்லாத வெண்மை. மேலே ஜிப்சம் பலகையில் அமைந்த போலிக் கூரை. அதனுள் ஒளிந்திருந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஒளி வீசும் விளக்குகள். சமையலறைக் கதவுகளிலும் அதே வழவழப்பு. தீர்த்தம் தெளித்துக்கொண்டு அறை அறையாகச் சென்றபோது, என் குரல் சுவர்களில் மோதி என்னிடமே திரும்பி வருவதைக் கவனித்தேன். புது வீடு, இன்னும் சாமான்கள் வரவில்லை, அதனால்தான் இப்படி என்று எண்ணிக்கொண்டேன்.

சாமான்கள் எல்லாம் வந்து சேர்ந்த பின்னர், தவக்காலத்தில் ஒரு நாள் மீண்டும் சென்றேன். எங்கள் தாயார் கீழ்த்தளத்து அறையில் கட்டிலின் மீது அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வயது எண்பத்து நான்கு. கண் அழுத்த நோயினால் இரு கண்களிலும் பார்வை போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். ஆயினும் ஊரில் இருந்தவரை அவர்கள் யார் துணையையும் நாடியதில்லை. அடுக்களையிலிருந்து கிணற்றடிக்கும், கிணற்றடியிலிருந்து திண்ணைக்கும் தாமே நடந்து செல்வார்கள். கோழிக்குத் தீனி போடுவார்கள். இப்போதோ காலை முதல் மாலை வரை கட்டிலை விட்டு இறங்குவதே இல்லை என்று தமக்கை வருந்திச் சொன்னாள். குளியலறை வாசலில் ஒரு முறை கால் வழுக்கியதாம். இறையருளால் எலும்பு முறிவு ஏதும் இல்லை. அதற்குப் பிறகு நடக்க அச்சம்.

அருகில் அமர்ந்து, "ஏனம்மா, வீடு பிடிக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு என்ன தம்பி குறை? ராசா வீடு மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொல்லுதாக. ஆனா இங்கே எல்லாம் ஒண்ணுபோல இருக்கு. நான் எங்கே நிக்கேன்னு என் காலு சொல்ல மாட்டேங்குது" என்றார்கள்.

கால் சொல்ல மாட்டேன் என்கிறது! அந்தச் சொல் என்னைவிட்டு அகலவில்லை.

எங்கள் ஊர் வீடு தேரி மணலுக்கு அருகே, ஓடு வேய்ந்த சிறிய வீடு. அதன் சிறப்பு என்ன என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். திண்ணை, மூன்று தலைமுறையினர் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பானது. அதன் ஓரத்தில் மட்டும் காரை பெயர்ந்து சொரசொரப்பாக இருக்கும். வாசற்படி உயரமான கருங்கல். நடுக்கூடம் காவிச் சிமெண்டு போட்ட தரை, பாதத்துக்குக் குளிர்ச்சி. அடுக்களை சாணம் மெழுகிய மண் தரை. அதில் கால் வைத்தால் ஒரு மென்மை. கூடத்தின் நடுவே பனங்கட்டைத் தூண். கருவரிகள் நரம்பு நரம்பாய்க் கைக்குத் தட்டுப்படும். சுவர் சுண்ணாம்பு அடித்த சுவர். உரசினால் கையில் மாவு போல ஒட்டும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தரை, ஒரு சுவர் இருந்தது. அம்மா அந்த வீட்டைக் கண் இருந்த காலத்தில் கண்ணால் மட்டும் அறிந்து வைத்திருக்கவில்லை. அதனால்தான் கண் போன பின்பும் வீடு அவர்களை விட்டுப் போகவில்லை.

மருமகன் அன்பானவன். கணினித் துறையில் வேலை. "மாமா, பாட்டிக்காக என்ன வேண்டுமானாலும் செய்கிறேன். அறை முழுவதும் கம்பளம் விரித்துவிடலாமா?" என்றான். அவசரப்படாதே என்றேன். முற்காலத்தில் சிவகங்கைச் சீமையில் சில ஆண்டுகள் நான் பணியாற்றியதுண்டு. செட்டிநாட்டு வீடுகள் சிலவற்றுக்குள் சென்று வந்திருக்கிறேன். ஒரு வீடு பளபளப்பாகவும் இருக்கலாம், கதகதப்பாகவும் இருக்கலாம் என்பதை அங்கேதான் கண்டிருந்தேன். அது எப்படி என்று அப்போது ஆராயவில்லை. எனவே ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் இருவருமாகக் காரைக்குடி நோக்கிப் புறப்பட்டோம்.

மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மேலூரைத் தாண்டியதும் குன்றுகள். பின்னர் வறண்ட கண்மாய்கள், கருவேல மரங்கள். மழை குறைந்த இந்தச் செம்மண் சீமையில் எப்படி இத்தனை பெரிய மாளிகைகள் எழுந்தன என்று முதன்முறை வருகிறவர் வியக்காமல் இருக்க முடியாது. விடை கடலுக்கு அப்பால் இருக்கிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டித் தொழிலும் வாணிபமும் செய்து ஈட்டிய பொருளைத் தங்கள் ஊர்களில் வீடுகளாக எழுப்பினர். எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இவ்வீடுகள் உள்ளன. பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை கட்டப்பட்டவை. பர்மாவிலிருந்து தேக்கு கப்பலில் வந்தது. இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியக் கண்ணாடியும் வந்தன. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். அந்தச் செல்வத்தின் ஊற்றுக்கண்ணும் அடைபட்டது.

முதலில் ஆத்தங்குடிக்குச் சென்றோம். அது சிற்றூர்; ஆனால் தெருவுக்குத் தெரு டைல்ஸ் செய்யும் கொட்டகைகள். ஒரு கொட்டகையில் நுழைந்து, பார்க்கலாமா என்று கேட்டோம். தாராளமாகப் பாருங்கள் சாமி என்றார் அங்கிருந்த பெரியவர். (அன்று நான் அங்கியும் அணிந்திருக்கவில்லை, எப்படிக் கண்டுகொண்டாரோ!)

இவ்வேலையில் சூளை இல்லை, நெருப்பு இல்லை. சதுரமான ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்துத் தரையில் வைக்கின்றனர். அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்தினுள் பூவும் கொடியுமாய் வளைத்த தகட்டு அச்சை இறக்குகின்றனர். சிமெண்டும் மணலும் வண்ணப் பொடியும் கலந்து கூழாகக் கரைத்து வைத்த கிண்ணங்கள் பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன: காவி, மஞ்சள், பச்சை, கருநீலம். சிறு கரண்டியால் அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு வண்ணத்தை ஊற்றுகிறார் தொழிலாளி. அவருடைய கை நடுங்குவதில்லை. ஆனால் அளந்து ஊற்றுவதும் இல்லை. பின்பு அச்சை மெல்ல உயர்த்துகிறார். வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டு, தம் எல்லையில் நின்றுவிடுகின்றன. அந்தத் தொடும் இடத்தில்தான் இயந்திரத்துக்கு வராத ஒரு நெளிவு. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவுகின்றனர். அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதன்மேல் சிமெண்டுக் கலவையை நிரப்பிக் கரண்டியால் மட்டம் தட்டி ஒதுக்கி வைக்கின்றனர். இறுகியபின் சில நாட்கள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவேண்டும். ஊறி உலர்ந்ததும் கண்ணாடியைப் பிரித்தால், கண்ணாடியின் வழவழப்பு டைல்ஸின் முகத்துக்கு வந்திருக்கிறது.

மருமகன் இரண்டு டைல்ஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "மாமா, இரண்டும் ஒன்று போல் இல்லையே. இந்தப் பூவில் ஓர் இதழ் பெரிது" என்றான். பெரியவர் சிரித்துவிட்டு, "கையால் ஊற்றினால் அப்படித்தான் தம்பி. நடக்க நடக்கத்தான் இதற்கு மெருகு ஏறும். வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் தரை மங்கிப்போகும்" என்றார். பழைய வீடுகளில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளப்பை ஏற்றுவார்கள் என்றும் சொன்னார்.

எனக்கு அந்த டைல்ஸின்மீது பெரும் ஆசை உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? ஆயினும் நான் யாருக்காக வந்தேனோ அந்த அம்மாவுக்கு இதனால் பயன் இல்லை என்பதும் அங்கேயே விளங்கிவிட்டது. பூவும் கொடியும் கண்ணுக்கு உரியவை. பாதத்துக்கு இதுவும் வழவழப்பான தரையே. ஈரம் பட்டால் இதுவும் வழுக்கும். பாதி மனத்தோடு வண்டியில் ஏறினேன்.

அடுத்து கானாடுகாத்தான். 1912இல் கட்டப்பட்ட செட்டிநாட்டு அரண்மனை இவ்வூரில்தான் இருக்கிறது. அதை வெளியே நின்று பார்த்துவிட்டு, கட்டணம் பெற்றுக்கொண்டு பார்வையாளரை அனுமதிக்கும் வேறொரு பழைய வீட்டுக்குள் சென்றோம். காலணிகளை வாசலில் கழற்றச் சொன்னார்கள். அதுவே நல்லதாயிற்று.

முகப்பில் சிறிது நேரம் நின்றேன். சுவரைத் தொட்டுப் பார்த்த மருமகன், "இது சலவைக்கல்லா?" என்று கேட்டான். சலவைக்கல் அன்று, சுண்ணாம்பு. சுண்ணாம்பும் பொடித்த சிப்பியும் முட்டையின் வெண்கருவும் சேர்த்துக் கல்லில் மை போல அரைத்து, கடுக்காய் நீர் கலந்து, பல பூச்சாகப் பூசி, ஈரம் காயுமுன் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு அது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வண்ணம் அடிக்க வேண்டியதில்லை. நம்முடைய புட்டிச் சுவரும் வழவழப்புத்தான், இதுவும் வழவழப்புத்தான். பின் ஏன் இந்தச் சுவர் கையை விட மனம் வராமல் நிறுத்திக்கொள்கிறது, அந்தச் சுவர் அப்படிச் செய்வதில்லை?

இக்கேள்விக்கு விடை காணவே ஓர் உபாயம் செய்தேன். "தம்பி, என் கையைப் பிடித்துக்கொள். நான் கண்ணை மூடிக்கொண்டு பின்கட்டு வரை நடக்கப்போகிறேன்" என்றேன். சுற்றுலா வந்திருந்த சிலர் எங்களை வேடிக்கை பார்த்தனர். பரவாயில்லை.

வெயில் ஏறிய கருங்கற்படி முதலில் காலைச் சுட்டது. திண்ணைத் தரை குளிர்ந்தது. பின்பு ஒரு வாசற்படி; தேக்கு. காலைத் தூக்கி வைத்தபோது மரம் சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை. உள்ளங்கை நிலைக்கதவில் பட்டது. செதுக்கிய இலைகளும் பித்தளைக் குமிழ்களும் விரலுக்கு ஒவ்வொன்றாக அகப்பட்டன. அடுத்து வளவு. நடுமுற்றத்தின் கல் பாதத்தில் சொரசொரத்தது, முகத்தில் காற்று. சுற்றுத் தாழ்வாரத்தில் மீண்டும் வழவழப்பான தரை. கையில் உருண்டையான தூண், நெடுக ஓடும் மரத்தின் நாரோட்டம். இரண்டாங்கட்டின் படி இன்னும் சற்று உயரம். அங்கே தரை மாறிற்று, ஒலி மாறிற்று, காற்றிலும் ஒரு பழைய மரவாசனை. கண்ணைத் திறக்காமலே, "இரண்டாங்கட்டுக்கு வந்துவிட்டோம்" என்றேன். சரியாக இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. அந்தச் சுண்ணாம்புச் சுவரின் வழவழப்புக்கு இரு பக்கமும் கரடும் முரடும் காவல் நிற்கின்றன. கருங்கல்லைத் தொட்ட கை அதைத் தொடுகிறது. தேக்கின் வரியைத் தடவிய விரல் அதற்கு வருகிறது. புது வீட்டில் தரையும் வழவழப்பு, சுவரும் வழவழப்பு, மேசையும் கதவும் வழவழப்பு. அங்கே எதற்கும் எதனோடும் வேறுபாடு இல்லை; ஆகவே எதுவும் கைக்கு ஒரு பொருளாகப் படுவதில்லை. கருங்கல்லும் தேக்கும் ஆத்தங்குடித் தரையும் விலைக்கு வாங்கக் கூடியவை. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்த அறிவையே அந்தக் கொத்தனார்களிடம் நாம் கற்க வேண்டியிருக்கிறது.

மரம் ஏன் கதகதப்பாக இருக்கிறது என்று மருமகன் திரும்பும்போது கேட்டான். ஒரே அறையில் கிடக்கும் கல்லும் மரமும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். ஆனால் கல், பாதத்தின் சூட்டை விரைவாக இழுத்துக்கொண்டுவிடும். மரமும் பாயும் பருத்தியும் மெல்ல மெல்லத்தான் எடுத்துக்கொள்ளும். அதைத்தான் நாம் குளிர்ச்சி என்றும் கதகதப்பு என்றும் சொல்கிறோம். வெளிச்சத்தின் சங்கதியும் இத்தகையதே. வளவின் பக்கவாட்டிலிருந்து வரும் ஒளி தூணின் ஒவ்வொரு வரியிலும் ஒரு சிறு நிழலை விழச் செய்கிறது. அந்நிழலைக் கண்டே கண், பொருளின் மேடு பள்ளத்தை அறிகிறது. மேலிருந்து எல்லாத் திசையிலும் கொட்டும் விளக்கொளியில் அந்நிழல் இல்லை. கல்லும் மரமும் அட்டையில் அச்சிட்ட படம் போல் ஆகிவிடுகின்றன.

பழைய வீடுகளுக்கு மட்டுமே இது உரியது என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியத்தில் 1970களின் தொடக்கத்தில் லாரி பேக்கர் அமைத்த லயோலா சிற்றாலயத்தை நான் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, இந்தியாவில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வாழ்ந்து, 2007இல் அந்நகரிலேயே மறைந்த கட்டிடக் கலைஞர் அவர். செங்கல்லைப் பூசி மறைக்காமல் செங்கல்லாகவே விட்டுவிட்டார். சுவரில் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிச் சாளரமாக்கினார். செலவைக் குறைக்கவே அவர் இவ்வாறு செய்தார். ஆனால் உள்ளே அமர்ந்தால், ஒவ்வொரு செங்கல்லின் விளிம்பிலும் ஒளி தங்கி நிற்பதைக் காணலாம். ஒலியும் அங்கே அலறுவதில்லை.

ஒலியைப் பற்றிப் பேசும்போது என் பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், கோவில் சுவரின் பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து தூசி விழுகிறது என்று, ஆள் உயரத்துக்குப் பளபளப்பான டைல்ஸ் பதித்தேன். மக்களும் மகிழ்ந்து நன்கொடை தந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் மறையுரை எனக்கே விளங்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் சுவருக்குச் சுவர் பாய்ந்து அடுத்த சொல்லின்மேல் விழுந்தது. ஒலிபெருக்கியைப் பெரிதாக்கினோம், குழப்பமும் பெரிதாயிற்று. காது மந்தமான முதியவர்கள் ஒவ்வொருவராக முன் வரிசைக்கு வந்தார்கள். பின்பு சிலர் வருவதையே குறைத்துக்கொண்டார்கள். பக்தி குறைந்துவிட்டது என்று அவர்களை நான் கடிந்துகொண்டதும் உண்டு. குற்றம் சுவரில் இருந்தது என்பது, அந்தப் பங்கை விட்டு மாறி வந்த பின்னரே எனக்கு உறைத்தது.

மாலையில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ள தெரு அது. பீங்கான் தட்டுகள், எனாமல் தூக்குகள், மரப்பெட்டிகள், ரவி வர்மா படங்கள், ஆள் உயரத் தூண்கள், நிலைகள், சன்னல்கள். அத்தனையும் இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவை. ஒரு வீட்டுக்குப் பல பங்குதாரர். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். பராமரிக்க இயலாமல் முடிவில் தூண் வேறு, கதவு வேறாகப் பிரிந்து இத்தெருவுக்கு வந்து சேர்கின்றன. எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. ஒரு வீட்டின் எலும்பை வாங்கி இன்னொரு வீட்டில் வைப்பதா என்று தயங்கினேன். மருமகனோ, "நாம் வாங்காவிட்டால் இது விறகாகத்தானே போகும், மாமா" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. எனக்கு இன்றுவரை இதில் தெளிவு இல்லை.

ஒரு கடையின் பின்புறத்தில், சுவரில் சாத்தி வைத்திருந்த நீண்ட தேக்குச் சட்டம் ஒன்று கண்ணில் பட்டது. மாடிப்படியின் கைப்பிடி. மேற்புறம் உள்ளங்கையின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து, மெழுகு போல் இருந்தது. கீழ்ப்புறம் தச்சனின் இழைப்புளித் தடம் அப்படியே இருந்தது. அதைத் தொட்டவுடன் நான் வந்த காரியம் முடிந்துவிட்டது என்று தோன்றிற்று. விலை பேசுவதில் மருமகனுக்கு நான் உதவவில்லை. அக்கலை எனக்கு வராது.

வீட்டுக்கு வந்து எங்கள் திட்டத்தைச் சொன்னபோது மருமகனின் மனைவி எழுப்பிய ஆட்சேபத்தை இங்கே குறிப்பிட்டே ஆகவேண்டும். "சித்தப்பா, சொரசொரப்பாக எதை வைத்தாலும் அதில் தூசி அடையும். துடைக்கப்போவது யார்? நான் அலுவலகமும் போகிறேன்" என்றாள். (அவள் தந்தை வழியிலும் எனக்கு உறவு; ஆகையால் சித்தப்பா.) இதை வாசிக்கும் தாய்மார்கள் எல்லோரும் அவள் பக்கமே நிற்பார்கள் என்று அறிவேன். வழவழப்பான வீடு வந்ததற்குப் பெண்களின் முதுகு வலி ஒரு காரணம். அதை எள்ளி நகையாட ஆண்களுக்கு உரிமை இல்லை. ஆகவே எல்லா இடத்திலும் வேண்டாம், கையும் காலும் படும் இடங்களில் மட்டும் போதும் என்று முடிவாயிற்று. ஒரு சுவருக்குப் பழைய முறையில் சுண்ணாம்புப் பூச்சு என்ற என் ஆசையை அவள் தள்ளுபடி செய்தாள். கம்பளத்தை நானும் அவளும் சேர்ந்து தள்ளுபடி செய்தோம்.

என்னென்ன செய்தோம் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவரோடு சுவராக, அம்மாவின் இடுப்பு உயரத்தில் அந்தத் தேக்குக் கைப்பிடியை இறுகப் பதித்தோம். திரும்ப வேண்டிய இரண்டு இடங்களில் மட்டும் அதன்மேல் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினோம்: ஒரு சுற்று என்றால் கூடத்தின் வாசல், இரண்டு சுற்று என்றால் குளியலறை. குளியலறை வாசலில் டைல்ஸை அறுத்து எடுத்துவிட்டு, மெருகு ஏற்றாத கடப்பைக் கல்லை ஒரு முழ அகலத்துக்கு, தரைமட்டத்துக்குச் சமமாகப் பதித்தோம். ஈரத்திலும் அது வழுக்குவதில்லை. எதிர்ச் சுவரில் கனத்த பவானி ஜமுக்காளம் ஒன்றைத் தொங்கவிட்டோம். சன்னலுக்குக் கைத்தறித் திரை. அறையில் எதிரொலி குறைந்தது. யார் பேசுவது, எந்தப் பக்கமிருந்து பேசுவது என்று அம்மாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மேல்விளக்கை அணைத்துவிட்டு, மூலையில் ஒரு நிலைவிளக்கு வைத்தோம், அது எங்களுக்காக.

பின்னொரு நாள் நெல்லைக்குச் சென்றபோது, சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடைக்கும் போய் வந்தேன். தாமிரபரணிக் கரைக் கோரையில் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்கள் நெய்யும் பாய்கள் அவ்வூருக்குப் பெயர் தந்தவை. 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோரையை உலர்த்தி, மெல்லியதாகக் கீறி, நீரில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்திப் பருத்தி நூற்பாவில் கோத்து நெய்கின்றனர். மிக மெல்லிய பட்டுப் பாய்க்குப் பல வாரங்கள் ஆகின்றன. மடித்தால் துணி போல் மடிகிறது. மணமக்களின் பெயரை நெய்து சீராகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. நான் வாங்கியது பட்டுப் பாய் அன்று. சாதாரணத் தடிப் பாய். தரையில் விரிப்பதற்கும் அன்று. பளபளக்கும் தரையில் விரித்த பாய் காலோடு நழுவி வந்துவிடும். முதியவர் உள்ள வீடுகளில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கட்டிலின் மெத்தைமேல் விரிக்கவே வாங்கினேன். சுருளைப் பிரிக்குமுன்பே, "பத்தமடைப் பாயா?" என்று கேட்டார்கள் அம்மா. கோரையின் வாசனை போதுமாயிருந்தது.

முதல் நாள் தமக்கை கூடவே நடந்தாள். இரண்டாம் நாள் பின்னால் நின்றாள். நாலாவது நாள் இரவு யாரையும் எழுப்பாமல் அம்மா தாமே எழுந்து சென்று திரும்பியிருக்கிறார்கள். காலையில் கடப்பைக் கல்மேல் ஈரக் காலடி கண்டுதான் வீட்டார் அறிந்தார்கள். இப்போது கூடத்துக்கும் வருகிறார்கள். அடுக்களை வாசலில் நின்று, குழம்பில் புளி மிகுதி என்று சொல்லும் அளவுக்கு நிலைமை முன்னேறியிருக்கிறது.

சென்ற மாதம் நான் சென்றிருந்தபோது கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டு, "தம்பி, இது யார் வீட்டு மரம்?" என்று கேட்டார்கள். காரைக்குடிப் பக்கம் ஏதோ ஒரு வீட்டு மாடிப்படி, யார் வீடு என்று கடைக்காரருக்கே தெரியாது என்றேன்.

"பிள்ளைக இருந்த வீடு" என்றார்கள்.

"எப்படித் தெரியும்?"

என் கையைப் பிடித்துச் சட்டத்தின் அடிப்புறத்தில், சுவர்ப் பக்கமாக வைத்தார்கள். அங்கே கத்தி நுனியால் வெட்டிய சிறு சிறு கீறல்கள், சம இடைவெளியில், வரிசையாக இருந்தன. கடையில் புரட்டிப் பார்த்த நானும், சுவரில் பதித்த தச்சரும், தினமும் துடைக்கும் மருமகளும் அதைக் கண்டதில்லை. எண்ணிப் பார்த்தேன், ஏழு. "எட்டு. முனையிலே ஒண்ணு பாதி வெட்டினதோட நிக்கு. அம்மாக்காரி வந்திருப்பா" என்றார்கள்.